கேமரா புதுசு, மென்பொருள் பழசு: மாற்றத்தான் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. பகலில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துக் கோயில் திருவிழா என்று படம் எடுக்கிறேன். போட்டோஷாப் சிஎஸ்6, லைட்ரூம் 6 இரண்டையும் அப்போதே காசு கொடுத்து முறையாக வாங்கியவன் நான். போன மாதம் கேனன் ஆர்50 கேமரா வாங்கினேன். அதன் ரா படங்களை, அதாவது கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக்கோப்புகளை, இரண்டு மென்பொருளும் திறக்கவே மாட்டேன் என்கின்றன. சந்தா கட்டிப் புதுசுக்கு மாறுவதுதான் ஒரே வழி என்கிறார்கள் கூட்டாளிகள். மாதாமாதம் கட்ட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் தம்பி, உங்கள் மென்பொருள் கெட்டுப்போகவில்லை. சிஎஸ்6 வந்தது 2012-ல். ஒருமுறை காசு கொடுத்தால் நம்முடையது என்று இருந்த கடைசி போட்டோஷாப் அதுதான், 2013-லிருந்து எல்லாம் சந்தாவாகிவிட்டது. லைட்ரூம் 6 வந்தது 2015-ல், அதற்குக் கடைசி அப்டேட் கிடைத்தது 2017 டிசம்பரில். கேனன் நிறுவனமோ சிஆர்3 என்ற புது வகை ரா கோப்பை 2018-ல் எம்50 கேமராவோடுதான் கொண்டுவந்தது. ஆக, உங்கள் மென்பொருள் நின்றுபோன பிறகு பிறந்த கோப்பு அது. அதற்கு எப்படித் திறக்கத் தெரியும்?

இதற்குக் காசில்லாத வழி இரண்டு இருக்கிறது, இரண்டையும் என் ஸ்டூடியோவில் வருஷக்கணக்காகப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று, போட்டோஷாப்பையும் லைட்ரூமையும் செய்யும் அடோபி நிறுவனமே இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வர்ட்டர், ரா கோப்பை டிஎன்ஜி என்ற பொதுவகை ராவாக மாற்றித் தருவது. மெமரி கார்டிலிருந்து இறக்கிய சிஆர்3 கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு, அதன் அமைப்பில் ‘கேமரா ரா’வின் (ராவைத் திறக்கும் அடோபியின் உள்மென்பொருள்) பழைய பதிப்புக்குப் பொருந்துமாறு தேர்வு செய்து ஓடவிட்டால், டிஎன்ஜி கோப்புகளாக வந்துவிடும், அவற்றை உங்கள் லைட்ரூம் 6 தாராளமாகத் திறக்கும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது ஓடவிட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது முடிந்திருக்கும். இரண்டாவது, கேனன் தன் கேமரா வாங்கியவர்களுக்கு இலவசமாகத் தரும் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல். அதில் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சரிசெய்து 16-பிட் டிஃப் கோப்பாக (தரம் குறையாத படக்கோப்பு) எடுத்து சிஎஸ்6-ல் மீதி வேலையைப் பார்க்கலாம். கொஞ்சம் மெதுவான மென்பொருள்தான், ஆனால் கேனனின் தோல் நிறம் அதில் வருகிற மாதிரி வேறு எதிலும் வருவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, கோப்பு திறந்துவிட்டது. இப்போது மாற வேண்டுமா இல்லையா என்ற கேள்விக்கு வருவோம். புதுப்பதிப்பில் என்னென்ன வந்திருக்கிறது என்று பட்டியலைப் படித்து இதை முடிவு செய்யாதீர்கள், அந்தப் பட்டியலில் எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும். உங்கள் வேலை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சில வருஷத்துக்கு முன் எனக்கும் இதே குழப்பம் வந்தபோது மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்துக்கொண்டு, வரிசையாக மூன்று கல்யாணத்துக்கு, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போனது என்று எழுதினேன். பாதி நேரம் படம் திருத்துவதில் போகவே இல்லை. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக அம்பு விசையை அழுத்திவிட்டு, மங்கலாக இருப்பது தெளியட்டும் என்று காத்திருந்ததில் போயிருந்தது. தாலி கட்டும் நேரத்தில் மட்டும் நானூறு படம், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து விநாடி காத்திருப்பு. கணினிக்குள் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டேன், நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆக்கினேன், அந்தக் காத்திருப்பு போயே போய்விட்டது. மென்பொருள் அதே பழைய மென்பொருள்தான். நீங்களும் மூன்று வேலைக்கு எழுதிப் பாருங்கள், உங்கள் நோட்டில் வேறு மாதிரி வரலாம்.

அதற்காகப் புதுசில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021-லிருந்து லைட்ரூமில் ஆளையும் வானத்தையும் தானாகப் பிரித்து மாஸ்க் போடும் வசதி இருக்கிறது, மணப்பெண்ணின் முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக்காட்ட முன்பு நான் தூரிகையால் பத்து நிமிடம் தேய்த்ததை அது ஒரு சொடுக்கில் செய்கிறது. 2023 ஏப்ரலில் வந்த, மணல்புள்ளிகளை நீக்கும் டினாய்ஸ் வசதி அதைவிடப் பெரிசு. தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியை நினைத்துப் பாருங்கள். இரவு, இரண்டு ட்யூப் லைட், தீக்குழியின் சிவப்பு வெளிச்சம், ஃபிளாஷ் அடித்தால் அந்தச் சிவப்பே செத்துவிடும், அதனால் கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டி ஐஎஸ்ஓ 6400 வைத்துத்தான் எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்த ஒரு பழைய படம் என்னிடம் இருந்தது. குழியில் இறங்கும் பக்தரின் கால்களைச் சுற்றிப் பறக்கும் பொறிகள் எவை, கேமரா போட்ட மணல்புள்ளிகள் எவை என்று பிரித்தே சொல்ல முடியாமல் கிடந்தது. டினாய்ஸ் போட்டபோது மணல் போனது, பொறிகள் இருந்தன, கணுக்கால் மஞ்சள் காப்பின் முறுக்குக்கூடத் தெரிந்தது. அந்த ஒரு படத்துக்காகவே நான் சந்தா கட்டலாம் என்று யோசித்தேன். ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக் கார்டு வேண்டும், இல்லாவிட்டால் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும். சந்தா காசோடு கணினிக் காசையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. விளம்பரத்தில் மாதத் தொகையைத்தான் போடுவார்கள். மாதம் 80 வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், வருஷத்துக்கு 960. வெளிநாட்டு மின்னியல் சேவைக்கு நம் மலேசியாவில் 2020-லிருந்து சேவை வரி உண்டு, 2024 மார்ச்சிலிருந்து அது 8%, ஆக 1,036 வெள்ளி 80 காசு. ஐந்து வருஷத்துக்கு 5,184 வெள்ளி. அந்தக் காசுக்கு நல்ல லென்ஸ் ஒன்று வாங்கலாம், லென்ஸை நாளைக்கு விற்கவும் செய்யலாம். உங்கள் வருமானத்தில் ஒரு வருஷத்துச் சந்தாவை ஒரே ஒரு கல்யாண வேலை ஈடுகட்டிவிடும் என்றால் யோசிக்காமல் கட்டுங்கள். வருஷத்துக்கு நாலைந்து வேலைதான், அதுவும் சொந்தக்காரர் வீட்டில் பாதி விலைக்கு என்றால் இப்போது வேண்டாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாதாமாதம் கட்டுவது என்பதாலேயே எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது ஒரு வருஷ ஒப்பந்தம், கட்டுவது மட்டும்தான் மாதத் தவணை. 14 நாளுக்குள் நிறுத்தினால் முழுக்காசும் திரும்ப வரும், அதற்குப் பிறகு நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டச் சொல்வார்கள். இதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்றுதான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபிமேல் வழக்கே போட்டது. பொத்தானை அழுத்தும் முன் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

சந்தா நின்றால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். போட்டோஷாப் வேலையே செய்யாது. அதனால்தான் நான் எவரிடமும் சொல்வது, ஒரு வேலை முடிந்ததும் நல்ல படங்களை முழு அளவில் டிஃப் கோப்பாகவும் ஜேபெக்காகவும் எடுத்து இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வையுங்கள். கல்யாணப் படம் அந்தக் குடும்பத்துக்கு நாற்பது ஐம்பது வருஷம் வேண்டும், எந்த மென்பொருள் அத்தனை வருஷம் நம்மோடு வரும்?

என் முடிவு: தைப்பூசம், அதையடுத்து வரும் பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் முடியும்வரை டிஎன்ஜி வழியிலேயே ஓட்டுங்கள். வேலை குவியும் மாதத்தில் மென்பொருள் மாற்றி மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஏழு நாள் இலவச சோதனைப் பதிப்பைப் போட்டு, உங்கள் சொந்த இரவுப் படங்களை அதில் திருத்திப் பாருங்கள், மாதிரிப் படங்களை அல்ல. சோதனைக்கு முன், படப் பட்டியலும் திருத்தங்களும் பதிந்திருக்கும் லைட்ரூம் கேட்டலாக் கோப்பை ஒரு பெண்டிரைவில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். புதுப்பதிப்பு அந்தக் கேட்டலாக்கின் நகலைத் தன் வகைக்கு மாற்றிக்கொள்ளும், அதில் செய்த திருத்தங்கள் பழைய லைட்ரூம் 6-க்குத் திரும்பி வராது.

கேள்வி: எங்கள் ஊர்க் கணினிக் கடையில் புதுப் போட்டோஷாப்பை 30 வெள்ளிக்குப் போட்டுத் தருகிறார்கள். எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் ஏன் காசு கொடுக்க வேண்டும்?
– பீடோங் வாசகர்

பதில்: உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி அது. முறையற்றது என்பதை விடுங்கள், பயந்தாவது விலகுங்கள். அதைப் போடும்போது முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்களே, அது ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்ததுண்டா? எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படிப் போட்டு மூன்றாவது வாரம், டிஸ்க்கில் இருந்த கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டு, திறக்கப் பணம் கேட்டு ஒரு திரை வந்து நின்றது. அதற்குள் இரண்டு குடும்பத்தின் கல்யாணப் படங்கள், இன்னும் ஒப்படைக்காதவை. அதில் ஒரு மணப்பெண்ணின் அப்பா அந்தப் பையனின் கடை வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றதை நான் பார்த்தேன்.

காசில்லை என்றால் அதற்கு நேர்மையான வழி இப்போது நிறைய இருக்கிறது. போட்டோஷாப் மாதிரியே படம் திருத்தும் கிம்ப் எப்போதும் இலவசம், 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட விளைவுகளைப் பிறகும் மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது, முன்பு அது இல்லாததுதான் பெரிய குறை. அதே வேலைக்கான அஃபினிட்டி முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, 2024-ல் இணைய வடிவமைப்புச் சேவையான கேன்வா அதன் நிறுவனத்தை வாங்கியது, 2025 அக்டோபரிலிருந்து இலவசம், ஒரு கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். ரா படங்களுக்கு டார்க்டேபிள், ரா தெரப்பி என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பழக ஒரு மாதம் ஆகும், அந்த ஒரு மாதத்தைக் கொடுங்கள்.

கேள்வி: அழைப்பிதழ், கோயில் பேனர் செய்கிறேன். பழைய போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் தட்டினால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் என்று சிதறுகிறது. பாமினி எழுத்துருவை வைத்துத்தான் சமாளிக்கிறேன். புதுப்பதிப்பு வாங்கினால் தீருமா?
– சுங்கை சிப்புட் வாசகி

பதில்: தீரும். இந்த ஒரு காரணத்துக்காக மாறுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுக்கவே மாட்டேன். ‘கொ’ என்று தட்டும்போது கணினிக்குள் முதலில் க, பிறகு ஒகரக்குறி என்றுதான் பதிவாகிறது, திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைப்பது மென்பொருளின் வேலை. பழைய போட்டோஷாப் அந்த வேலையைச் செய்யவில்லை. பாமினி மாதிரி எழுத்துருக்களில் கொம்பு தனி எழுத்தாகவே இருப்பதால் நாமே முன்னால் தட்டிக்கொள்கிறோம். புதிய பதிப்பில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழ் ஒழுங்காக அமரும். கணினியில் தமிழ் தட்டும் மென்பொருளான முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கணினியில் தமிழ் வர இங்கிருந்தே இவ்வளவு உழைப்பு போயிருக்கும்போது அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயர் சிதறி வருவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஆனால் அதற்கு முன் கிம்ப்பில் ஒரு வரி தட்டிப் பாருங்கள், அதில் தமிழ் நேராகவே சரியாக வருகிறது. அல்லது வேர்டில் தட்டி பிடிஎஃப் ஆக்கி, அந்தப் பிடிஎஃபை உங்கள் பழைய போட்டோஷாப்பில் திறந்து படமாக ஒட்டுங்கள், எழுத்து சிதறாது. அஃபினிட்டிக்குப் போவதாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை, அதன் இரண்டாம் பதிப்புவரை தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியவில்லை. எந்த மென்பொருளானாலும் ‘கௌரி, மணக்கோலம், திருப்பூட்டு’ என்று மூன்று சொல் தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, என் பழைய சிஎஸ்6 கணினியைத் தூக்கிப் போடணுமா?
– தாப்பா வாசகர்

பதில்: 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. கூடுதல் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். படம் திருத்த மட்டும் என்றால் இணையத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கணினியையே வைத்துக்கொள்ளலாம், வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள். ஒருநாள் மாற்றத்தான் வேண்டியிருக்கும். அன்றைக்கு மறக்காமல் பழைய கணினியில் சிஎஸ்6-இன் உதவி மெனுவுக்குள் போய் டீஆக்டிவேட் செய்யுங்கள். அந்த உரிமம் இரண்டு கணினிக்குத்தான், ஏற்கெனவே இரண்டில் ஏற்றியிருந்தால், பழையதிலிருந்து விடுவிக்காமல் போட்டால் புதியதில் ஏறாமல் நிற்கும்.

கேள்வி: எல்பில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு இருப்பது ஒரே ஒரு படம். கறுப்பு வெள்ளை, மடிப்பில் கிழிந்து, மஞ்சள் கறை படிந்துவிட்டது. புதுப் போட்டோஷாப்பில் செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் புதுசாக்கி வண்ணமும் போட்டுத் தரும் என்கிறான் மகன். அதற்காக வாங்கலாமா?
– ஈப்போ வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. ஒரே ஒரு படத்துக்காகச் சந்தா வேண்டாம் என்பது ஒருபக்கம், அந்த ஒரு நொடி வேலையே வேண்டாம் என்பது இன்னொரு பக்கம்.

பல வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் தன் தாயாரின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார், கையகலப் படம், முகம் என் கட்டைவிரல் நகத்தளவுதான். முழுக்கத் தூசும் கீறலும். நான் அவசரத்தில் தூசு நீக்கும் கருவியைக் கொஞ்சம் பலமாகவே போட்டேன், திரையில் பளிச்சென்று வந்தது, பெரிதாக அச்சடித்தும் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அம்மாவோட மூக்குத்தி எங்க தம்பி?” என்று கேட்டார். ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. மென்பொருளுக்கு அது தூசு. அன்றிலிருந்து பழைய முகங்களில் தானியங்கிக் கருவி எதையும் நான் ஓடவிடுவதில்லை. இப்போதைய செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது, தெளிவில்லாத கண்ணை அழித்துவிட்டு எங்கோ பார்த்துக் கற்ற ஒரு கண்ணை வரைகிறது. அழகாகத்தான் இருக்கும், உங்கள் பாட்டியாக இருக்காது. சேலைக்கு அது போடும் வண்ணமும் அதன் ஊகம்தான்.

இப்படிச் செய்யுங்கள். படத்தை 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), சின்னப் படமாக இருந்தால் 1200-ல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், காரணம் இருக்கிறது. மஞ்சள் கறை நீல நிறத்தைத்தான் விழுங்குகிறது, சிவப்பை விட்டுவிடுகிறது. அதனால் கிம்ப்பில் திறந்து சிவப்புக் கூறை மட்டும் பிரித்தெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பாதிக் கறை தானாகவே மறைந்துபோகும், ஒரு தூரிகையும் தொட வேண்டாம். மடிப்புக் கோட்டை ஹீல் கருவியால், தூரிகையைக் கோட்டின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாக வைத்து, சிறிது சிறிதாகத் தொட்டுத் தொட்டு மூடுங்கள். சேலையிலிருந்தும் பின்னால் தெரியும் சுவரிலிருந்தும் தொடங்குங்கள், முகத்தைக் கடைசியாகத் தொடுங்கள், கை பழகியிருக்கும். முகத்தில் கிழிசல் போகும் இடத்தை மட்டும் சரிசெய்துவிட்டு மீதியை அப்படியே விடுங்கள். மகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பாட்டியைத் தெரிந்த யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது, எது மச்சம், எது கறை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்கேன் செய்த முதல் கோப்பை டிஃப் ஆகவே தனியாக வைத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். அப்படியே படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் அங்கேதான் முத்திரை குத்துவார்கள், சில படங்களில் பென்சிலில் தேதியும் இருக்கும்.